செனட் வேட்பாளர் தேர்தலுக்கு 36 நாள் முன்னால் விலகினால் கட்சி வேறு ஆளை நிறுத்த முடியுமா? நியூ ஜெர்சி 2002 குழப்பம், உதவி தேவை

எடிசன் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். கட்சிச் சண்டைக்கு வரவில்லை, ஒரு சட்டச் சந்தேகம்.

மகள் இங்கே நியூ ஜெர்சியில் ஹைஸ்கூல் படிக்கிறாள். பிரைமரியில் (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தல்) ஜெயித்த செனட் வேட்பாளர் பொதுத்தேர்தலுக்கு முன்னால் விலகிவிட்டால் அவருடைய கட்சி என்ன செய்யும், நிஜத்தில் நடந்த ஒன்றை வைத்து விளக்கு என்று பள்ளியில் கட்டுரை கொடுத்திருக்கிறார்கள். சொந்த மாநிலக் கதையாக இருக்கட்டும் என்று 2002-இல் டெமாக்ரட் செனட்டர் ராபர்ட் டாரிசெல்லி மறுபடி நின்று நடுவில் விலகியதை எடுத்துக்கொண்டாள். அங்கேதான் மாட்டிக்கொண்டோம்.

அப்போதிருந்த சட்டப்படி, தேர்தலுக்கு 51 நாளுக்குக் குறையாமல் இருக்கும்போது வேட்பாளர் இடம் காலியானால் கட்சி வேறு ஆளைப் போடலாம். அந்த ஆண்டு தேர்தல் நவம்பர் 5. அப்படியென்றால் கெடு செப்டம்பர் 15-உடன் முடிந்தது. டாரிசெல்லி விலகியது செப்டம்பர் 30, வெறும் 36 நாள்தான் பாக்கி. ஆனாலும் வாக்குச்சீட்டில் அவருக்குப் பதிலாக ஃபிராங்க் லாட்டன்பர்க் பெயர் வந்தது, ஜெயித்தும் விட்டார். கெடு தாண்டிய பிறகு இது எப்படி நடந்தது?

இன்னொன்று: லாட்டன்பர்க் பிரைமரியில் நிற்கவே இல்லையே, அவரை யார் தேர்ந்தெடுத்தார்கள்? கவர்னர் நியமித்திருப்பார் என்கிறார் என் கணவர். மகள் இல்லை என்கிறாள். வியாழக்கிழமை கொடுக்க வேண்டும்.

ராரிட்டன் கரை:

உங்கள் கணவர் சொல்வதுதான் சரி என்று நினைக்கிறேன். இதே லாட்டன்பர்க் 2013 ஜூனில் செனட்டராக இருக்கும்போதே இறந்தபோது கவர்னர் கிறிஸ்டி உடனே ஜெஃப் கியேசாவை நியமித்தார். அப்புறம் அக்டோபரில் சிறப்புத் தேர்தல் வைத்து கோரி புக்கர் வந்தார். கவர்னர்தான் நியமிப்பார்.

சட்டப்புழு:

இல்லை நண்பரே, நீங்கள் சொல்வது வேறு விஷயம். 2013-இல் காலியானது நாற்காலி. 2002-இல் காலியானது வேட்பாளர் இடம். முதலாவதில் கவர்னர் தற்காலிகமாக ஆளை நியமிக்கலாம் என்று 17-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வழி விட்டிருக்கிறது. இரண்டாவதில் சட்டப்படி கவர்னருக்கு வேலையே இல்லை, அது கட்சி பார்க்க வேண்டியது. டாரிசெல்லி போட்டியிலிருந்துதான் விலகினார், பதவியிலிருந்து இல்லை. அடுத்த ஜனவரி வரை அவர்தான் செனட்டர். மகள் சொன்னதுதான் சரி, அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லச் சொல்லுங்கள்.

அடுத்து, யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பது. மாநிலம் முழுவதற்குமான பதவி என்பதால் கட்சியின் மாநிலக் கமிட்டிதான் ஆளைப் போட வேண்டும். கமிட்டி கூடுவதற்கு முன்னால் திரைமறைவில் நிறையப் பேச்சு நடந்தது. முன்னாள் செனட்டர் பில் பிராட்லி முதலில் மறுத்துவிட்டார். ஃபிராங்க் பலோன் போன்ற பெயர்களும் அடிபட்டன. கடைசியில் 78 வயது முன்னாள் செனட்டர் லாட்டன்பர்க். ஓய்வு என்று சொல்லி 2000 தேர்தலில் நிற்காமல் வீட்டுக்குப் போனவர். அவருக்கும் டாரிசெல்லிக்கும் ஆகவே ஆகாது என்பது ஊரறிந்த கதை. தன் இடத்துக்கு இவரா வர வேண்டும் என்று டாரிசெல்லிக்கு எப்படி இருந்திருக்கும்!

இப்போது 51 நாள் சங்கதி. டாரிசெல்லி ஏன் விலகினார் என்பதும் இதில் சேரும். டேவிட் சாங் என்ற தொழிலதிபரிடம் பரிசுப் பொருட்கள் வாங்கியதற்காக செனட் ஒழுங்குக் குழு ஜூலையில் அவரைக் கடுமையாகக் கண்டித்தது. அதன் பிறகு கருத்துக் கணிப்புகளில் குடியரசுக் கட்சியின் டக்ளஸ் ஃபாரெஸ்டர் முந்தினார். ஆக, உடம்பு சரியில்லாமலோ சாவு நேர்ந்தோ வந்த காலியிடம் இல்லை இது. தோற்கப் போகிறோம் என்று தெரிந்து விலகியதுதான். ஃபாரெஸ்டர் தரப்பின் வாதமே அதுதான்: தோற்கிற குதிரையை ஓட்டப் பந்தயத்தின் நடுவில் மாற்ற விட்டால் கெடு என்று ஒன்று எதற்கு?

மாநில உச்ச நீதிமன்றம் அக்டோபர் 2-ஆம் தேதி ஏழு நீதிபதிகளும் ஒருமனதாக டெமாக்ரட்களுக்குச் சாதகமாகச் சொன்னது. காரணத்தை மகள் கவனமாக எழுத வேண்டும். 51 நாளுக்கு முன் காலியானால் இன்னது செய் என்றுதான் சட்டம் சொல்கிறது, அதற்குப் பின் காலியானால் ஆள் போடவே கூடாது என்று எங்கும் சொல்லவில்லை என்றது நீதிமன்றம். கெடு வைத்ததே சீட்டு அச்சடிக்கவும் அனுப்பவும் அதிகாரிகளுக்கு அவகாசம் வேண்டும் என்பதற்காக. அவகாசம் இன்னும் இருக்கிறதென்றால், இரண்டு பெரிய கட்சிகளில் ஒன்றுக்கு ஆளே இல்லாத சீட்டை வாக்காளர் கையில் கொடுக்க வேண்டியதில்லை. தேர்தல் சட்டத்தை வாக்காளர் பக்கம் நின்று தாராளமாகப் படிக்க வேண்டும் என்பது அந்த மாநிலத்தில் பழைய வழக்கம்.

சும்மா விடவும் இல்லை. மறு அச்சுக்கும் அஞ்சலுக்கும் 8,00,000 டாலரைக் கட்சியே கட்டச் சொன்னது. குடியரசுக் கட்சியினர் அமெரிக்க உச்ச நீதிமன்றம் போனார்கள். அக்டோபர் 7-இல் தலையிட முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

என் சொந்தக் கருத்து: தீர்ப்பின் முடிவு பிடிக்கிறது, காரணம் கொஞ்சம் இடிக்கிறது. "51 நாளுக்கு முன்" என்று எழுதிய சட்டசபை அதற்குப் பிறகு முடியாது என்று நினைத்துத்தானே எழுதியிருக்கும்? மகள் இதை எதிர்வாதமாக வைத்தால் ஆசிரியர் மகிழ்வார்.

எடிசன் அம்மா:

மிக்க நன்றி! கணவரிடம் காட்டினேன், சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஒரு துணைக் கேள்வி: எல்லா மாநிலத்திலும் இப்படி நீதிமன்றம் போய் முடியுமா, அல்லது நியூ ஜெர்சி மட்டும் தனிக் கேஸா? "மற்ற மாநிலத்தோடு ஒப்பிடு" என்று கேள்வியில் ஒரு வரி இருக்கிறது.

விச்சிட்டாவாசி:

ஒப்பிட எங்கள் கான்சாஸை விட நல்ல உதாரணம் கிடைக்காது. அங்கே ஆளைப் போட வேண்டும் என்று கட்சி சண்டை போட்டது. இங்கே ஆளைப் போடவே மாட்டோம் என்று கட்சி அடம்பிடித்தது.

2014. குடியரசுக் கட்சியின் பாட் ராபர்ட்ஸ் செனட்டர். எதிரே டெமாக்ரட் சாட் டெய்லர், இவர்களுக்கு நடுவில் கிரெக் ஓர்மன் என்ற சுயேச்சை. எதிர்ப்பு ஓட்டு இரண்டாகப் பிரிந்தால் ராபர்ட்ஸ் சுலபமாக வருவார். விலகக் கடைசி நாளான செப்டம்பர் 3 அன்று டெய்லர் விலகல் கடிதம் கொடுத்தார்.

இங்கேதான் வேடிக்கை. ஜெயித்தால் பதவிக் கடமையைச் செய்ய இயலாதவன் என்று அறிவித்தால்தான் விலகலாம் என்பது அப்போதைய கான்சாஸ் சட்டம். டெய்லர் கடிதத்தில் அந்த வாசகம் இல்லை. இன்ன பிரிவின்படி விலகுகிறேன் என்று பிரிவு எண்ணை மட்டும் போட்டிருந்தார். தேர்தலை நடத்தும் மாநிலச் செயலர் கிரிஸ் கோபாக் குடியரசுக் கட்சிக்காரர். கடிதம் செல்லாது, பெயர் சீட்டில் இருக்கும் என்றார். செப்டம்பர் 18-இல் கான்சாஸ் உச்ச நீதிமன்றம், பிரிவு எண்ணைக் குறிப்பிட்டதே அதில் உள்ள வாசகத்தையும் சேர்த்துச் சொன்னதாகும் என்று தீர்த்து, பெயரை எடுக்கச் சொன்னது.

அதோடு முடியவில்லை. காலியிடத்தைக் கட்சி நிரப்ப வேண்டும் என்றுதானே சட்டத்தில் இருக்கிறது, டெமாக்ரட்கள் உடனே ஆளைப் போடட்டும் என்று ஒரு வாக்காளர் வழக்குப் போட்டார். மூன்று நீதிபதி அமர்வு அதைத் தள்ளிவிட்டது. சீட்டில் டெமாக்ரட் வரிசையே இல்லாமல் தேர்தல் நடந்தது. இத்தனைக்குப் பிறகும் ராபர்ட்ஸ்தான் ஜெயித்தார்.

தபால் ஓட்டு:

விச்சிட்டாவாசி சொன்ன தேதியில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. அந்தத் தேர்தல் நவம்பர் 4. தீர்ப்பு வந்தது செப்டம்பர் 18. இரண்டே நாளில், செப்டம்பர் 20-க்குள், வெளிநாட்டில் இருக்கும் ராணுவத்தினருக்குத் தபால் வாக்குச்சீட்டு போயாக வேண்டும். 2009-இல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி, கேட்டு வைத்தவர்களுக்கு 45 நாள் முன்னால் சீட்டை அனுப்ப வேண்டும். டாரிசெல்லி காலத்தில் இந்தச் சட்டம் இல்லை. இன்று 36 நாள் முன்னால் ஒருவர் விலகினால், சீட்டெல்லாம் ஏற்கெனவே கடல் தாண்டியிருக்கும். 2002 தீர்ப்பு அப்படியே இன்றும் கிடைக்கும் என்று மகள் எழுதிவிட வேண்டாம்.

கெடு நாள் எண்ணையும் பழைய கட்டுரைகளிலிருந்து எடுக்காதீர்கள். இன்றைய சட்டம் என்ன சொல்கிறது என்று மாநிலத் தேர்தல் பிரிவின் வேட்பாளர் அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பனிமலை:

எந்த ரகளையும் இல்லாமல் நடந்த உதாரணமும் வேண்டுமென்றால் மொன்டானா 2014. மறுபடி நின்ற டெமாக்ரட் செனட்டர் ஜான் வால்ஷ் 2007-இல் ராணுவப் போர்க் கல்லூரியில் கொடுத்த ஆய்வுக் கட்டுரையில் பிறர் எழுத்தை எடுத்துப் போட்டிருந்தார் என்று ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் போட்டு உடைத்தது. ஆகஸ்ட் 7-இல் விலகினார், கெடுவுக்குள்ளேயே. கட்சிப் பிரதிநிதிகள் ஆகஸ்ட் 16-இல் ஹெலெனாவில் சிறப்பு மாநாடு கூட்டி ஓட்டுப் போட்டு, பட் நகரத்துக் கணக்கு டீச்சரும் சட்டசபை உறுப்பினருமான அமாண்டா கர்டிஸைத் தேர்ந்தெடுத்தார்கள். நவம்பரில் குடியரசுக் கட்சியின் ஸ்டீவ் டெய்ன்ஸிடம் தோற்றார். முறைப்படி எல்லாம் நடந்தாலும் மூன்று மாதத்தில் மாநிலம் முழுவதும் முகம் காட்ட முடியுமா?

இலினாய் 2004 இன்னும் பரிதாபம். விவாகரத்து ஆவணங்கள் வெளியானதும் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜாக் ரையன் ஜூனில் விலகினார். அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் மைக் டிட்காவைக்கூடக் கேட்டுப் பார்த்தார்கள், மாட்டேன் என்றார். குடியரசுக் கட்சி மாநிலக் கமிட்டி ஆகஸ்டில் மேரிலாண்டிலிருந்து ஆலன் கீஸை இறக்குமதி செய்தது. தேர்தல் அன்று அந்த மாநிலத்தில் வசித்தால் போதும் என்பதுதான் அரசியல் சட்டம், அதனால் தடை இல்லை. எதிரே நின்றவர் பராக் ஒபாமா. 70-க்கு 27 சதவீதம். கெடுவுக்குள் ஆள் கிடைத்தாலே போதாது, தகுந்த ஆள் கிடைக்க வேண்டுமே.

ராரிட்டன் கரை:

சரி, ஒப்புக்கொள்கிறேன், நாற்காலி வேறு, போட்டி வேறு. ஒரு கேள்வி: விலகியவர் திரட்டிய பணம் புது ஆளுக்குப் போய்விடுமா?

சட்டப்புழு:

தானாகப் போகாது. விலகியவருடைய பிரசாரக் கமிட்டி, மிச்சப் பணத்தைக் கட்சிக் கமிட்டிகளுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஆனால் இன்னொரு வேட்பாளரின் கமிட்டிக்கு நேரடியாக ஒரு தேர்தலுக்கு 2,000 டாலர்தான். அதனால் கட்சி வழியாகத்தான் சுற்றி வரும். புதிதாக வருபவர் சொந்தமாக வசதி உள்ளவரா என்று கட்சிகள் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். லாட்டன்பர்க் பெரும் பணக்காரர் என்பது தற்செயல் இல்லை.

அப்புறம், விலகச் சொல்லிக் கட்சி கட்டாயப்படுத்த முடியாது என்பதையும் மகள் ஒரு வரி சேர்க்கட்டும். 2012-இல் மிசூரியில் குடியரசுக் கட்சி செனட் வேட்பாளர் டாட் ஏக்கின் பாலியல் வன்முறை பற்றி உளறியபோது அவருடைய கட்சித் தலைமையே விலகச் சொல்லிக் கெஞ்சியது. ஆகஸ்ட் 21 மாலை 5 மணிக்குள் விலகினால் சுலபம், அதன் பிறகு செப்டம்பர் 25 வரை நீதிமன்ற உத்தரவோடுதான் விலகலாம். இரண்டு கெடுவையும் தாண்டி நின்றார், டெமாக்ரட் கிளேர் மெக்காஸ்கிலிடம் சுமார் 16 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்.

எடிசன் அம்மா:

நியூ ஜெர்சியையும் கான்சாஸையும் எதிரெதிரே வைத்து எழுதுகிறேன் என்கிறாள். கடைசியாக அவளே கேட்கச் சொன்னது: பழைய பெயர் உள்ள சீட்டில் ஏற்கெனவே ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் கதி என்ன?

தபால் ஓட்டு:

நல்ல கேள்வி. நியூ ஜெர்சியில் புதுச் சீட்டை அனுப்பச் சொன்னார்கள், மறு அஞ்சல் செலவு என்று மேலே வந்ததில் அதுவும் அடக்கம். இதைவிடச் சிக்கலாக அதே 2002-இல் மினசோட்டாவில் நடந்தது. தேர்தலுக்கு 11 நாள் முன்னால் செனட்டர் பால் வெல்ஸ்டோன் விமான விபத்தில் இறந்தார், கட்சி வால்டர் மாண்டேலை நிறுத்தியது. வெல்ஸ்டோனுக்குத் தபாலில் போட்ட ஓட்டு மாண்டேலுக்குச் சேராது. எதிரணியின் நார்ம் கோல்மனுக்கு அதே சீட்டில் போட்ட ஓட்டோ செல்லும். இது நியாயமில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் போனார்கள். கேட்பவர்களுக்கு மாற்றுச் சீட்டைத் தபாலில் அனுப்புங்கள் என்று உத்தரவு வந்தபோது தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தன. அது போய்த் திரும்பி வர நேரம் ஏது? கோல்மன் ஜெயித்தார்.

சட்டப்புழு:

மகளுக்கு: தீர்ப்பைத் தேட "நியூ ஜெர்சி டெமாக்ரடிக் பார்ட்டி எதிர் சாம்சன்" என்று போடட்டும், 2002. சட்டப் பிரிவு, மாநிலச் சட்டத் தொகுப்பில் 19-ஆவது தலைப்பில் 13-20. தீர்ப்பு நீளம், ஆனால் 51 நாள் பற்றிய பகுதியை மட்டும் படித்தால் கட்டுரைக்குப் போதும்.