கமாண்ட் லைன் டூல்ல இருந்து வெளிய வர என்ன வழி வைக்கலாம்?

கேள்வி:
டேட்டாபேஸ்ல க்வெரி ஓட்டிப் பாக்க ஒரு சின்ன இன்டராக்டிவ் டூல் எழுதிட்டிருக்கேன். வெளிய போக இப்போதைக்கு 'பை'னு ஒரே ஒரு கமாண்ட்தான் இருக்கு. ஆனா டெஸ்ட் பண்றவங்க ஆளுக்கொண்ணு அடிக்கிறாங்க, ஒருத்தர் குவிட், இன்னொருத்தர் எக்ஸிட், சிலர் வெறும் க்யூ, எதுவும் வேலைக்கு ஆகலனா கன்ட்ரோல்-சி, அதுவும் இல்லனா விண்டோவையே மூடிடுறாங்க. கன்ட்ரோல்-சி அடிச்சா மொத்தமா மூடிட்டா சரியா வருமா?

பதில் 1:
முதல்ல குவிட், எக்ஸிட், க்யூ எல்லாத்தையும் ஏத்துக்கோங்க, அதுல ஒரு நஷ்டமும் இல்ல. பைத்தான்ல ரொம்ப வருஷமா எக்ஸிட்னு அடிச்சா வெளிய விடாம, அடைப்புக்குறி போட்டு அடி இல்ல கன்ட்ரோல்-டி அடின்னு பாடம் எடுக்கும். என்ன வேணும்னு புரிஞ்சப்புறமும் செய்யாம நிக்கிறது எனக்கு சுத்தமா பிடிக்காத விஷயம். 2024ல வந்த பைத்தான் 3.13 வெர்ஷன்லதான் வெறும் எக்ஸிட் வேலை செய்ய ஆரம்பிச்சுது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸோட கமாண்ட் லைன் டூலான பிஎஸ்க்யூஎல்லயும் அப்படித்தான், முன்னாடி பேக்ஸ்லாஷ் க்யூ மட்டும், 2018ல 11வது வெர்ஷன்ல குவிட், எக்ஸிட் சேர்த்தாங்க. அதுல ஒரு நுணுக்கம் இருக்கு பாருங்க: வேற எதுவும் அடிக்காத ப்ராம்ப்ட்ல (கமாண்டுக்காக டூல் காத்திருக்கிற வரி) எக்ஸிட்னா வெளிய போயிடும், பாதி க்வெரி அடிச்சிட்டு அடுத்த வரில எக்ஸிட்னா போகாது, எப்படிப் போறதுன்னு குறிப்பு மட்டும் காட்டும். அந்த வார்த்தை க்வெரியோட பகுதியாவும் இருக்கலாம் இல்லையா. உங்க டூலுக்கு அப்படியே பொருந்தும்.

பதில் 2:
கன்ட்ரோல்-சிக்கு மூடிடாதீங்க ப்ளீஸ். அதோட அர்த்தம் 'இப்ப பண்றத நிறுத்து'. க்வெரி ஓடுதுன்னா அத கேன்சல் பண்ணிட்டு ப்ராம்ப்ட்டுக்கு வரணும், பாதி அடிச்ச வரி இருந்தா அத அழிக்கணும், காலி வரில அடிச்சா எப்படி வெளிய போறதுன்னு ஒரு வரி காட்டணும். ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டுற நோட் ஜேஎஸ்ஸோட ப்ராம்ப்ட் பண்றது நல்லாருக்கும், காலி வரில முதல் தடவை குறிப்பு, உடனே திரும்ப அடிச்சா வெளிய.

கன்ட்ரோல்-டி வேற, கன்ட்ரோல்-சி மாதிரி புரோகிராமுக்குப் போற சிக்னலே இல்ல, இன்புட் முடிஞ்சதுன்னு டெர்மினல் சொல்றது, இன்புட்ட படிக்கிற ரீட் கால் பூஜ்ஜியம் பைட் தரும். அத கவனிக்காம விட்டா லூப் நிக்காம ப்ராம்ப்ட்டா அடிச்சித் தள்ளும், பைப்ல இன்புட் கொடுத்தாலும் இதே கதைதான். விண்டோஸ்ல அதுக்கு கன்ட்ரோல்-இசட் அடிச்சு என்டர்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க, தெளிவாச்சு. 'நிச்சயமா வெளிய போகணுமா'னு கேக்கலாமா?

பதில் 3:
கமிட் பண்ணாத டிரான்சாக்ஷன் (டேட்டாபேஸ்ல இன்னும் உறுதியா சேமிக்காத மாற்றங்கள்) இருந்தா மட்டும் கேளுங்க, மத்தபடி வேண்டாம். ஸ்கிரிப்ட்ல இருந்து ஓடும்போது கேக்கவே கூடாது, பதில் சொல்ல அங்க ஆள் இல்ல, அப்படியே தொங்கிடும். அப்புறம் இன்டராக்டிவா இல்லாம ஓடும்போது கன்ட்ரோல்-சி வந்தா பூஜ்ஜியம் எக்ஸிட் கோடு தராதீங்க, அதுக்கு 'எல்லாம் சரியா முடிஞ்சுது'ன்னு அர்த்தம். க்ளீனப் முடிச்சு டெர்மினல் செட்டிங்க பழையபடி ஆக்கிட்டு, சிக்இன்ட் (கன்ட்ரோல்-சி அனுப்புற சிக்னல்) வந்தா ஓடுற ஹேண்ட்லர டீஃபால்ட்டுக்கு மாத்தி அதே சிக்னல உங்களுக்கே அனுப்பிக்கோங்க. ஷெல் அத 130னு பாக்கும், அதாவது 128 கூட்டல் சிக்இன்ட்டோட நம்பரான 2. இல்லனா பாஷ்ல லூப் போட்டு உங்க டூல ஓட்டுறவர் கன்ட்ரோல்-சி அடிச்சா அந்த ஒரு ரவுண்டு மட்டும் நின்னு லூப் பாட்டுக்கு அடுத்ததுக்குப் போயிடும்.