திருவிழாக் காசும் கோயில் வாசலும்: இந்த வருடம் கொஞ்சம் கவனம்

அன்பான ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

போன கிழமை நம் ஊர்ச் சங்கத்துப் பொருளாளர் பெயரில் ஒரு மின்னஞ்சல் சிலருக்கு வந்திருக்கிறது. திருப்பணிக் கணக்கு மாறிவிட்டது, இனிமேல் இந்த எண்ணுக்கு அனுப்புங்கள் என்று. பெயர் சரி, எழுதும் விதமும் கிட்டத்தட்ட சரி, முகவரியில் ஒரேயொரு எழுத்துத்தான் வித்தியாசம். சூரிச்சில் இருக்கும் அக்கா ஒருவர் பொருளாளருக்கே போன் எடுத்துக் கேட்டதால் காசு தப்பியது. அதற்குப் பிறகு வட்ஸ்அப்பில் "அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிட்டதே" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். அக்கா செய்தது முழுக்கச் சரி.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் பிரன்ஸ்விக் என்ற ஊரில் புனித அம்புரோஸ் கத்தோலிக்கப் பங்கு (ஒரு தேவாலயமும் அதைச் சேர்ந்த மக்களும்) இருக்கிறது. 2019இல் அங்கே தேவாலயத்தைத் திருத்திக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பங்கு அலுவலகத்தின் மின்னஞ்சல் கணக்குகளுக்குள் யாரோ நுழைந்து, கட்டடக்காரரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று நம்பவைத்துவிட்டார்கள். பங்கும் ஒழுங்காகக் காசு அனுப்பிக்கொண்டே இருந்தது. இரண்டு மாதமாகப் பணம் வரவில்லையே என்று கட்டடக்காரர் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. போன தொகை சுமார் 17.5 லட்சம் டொலர். கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சலில் சொன்ன அன்றே, ஏற்கெனவே கையில் இருந்த எண்ணுக்கு ஒரு போன் போட்டிருந்தால் அவ்வளவும் மிஞ்சியிருக்கும். மின்னஞ்சலிலேயே தரும் எண்ணுக்கு எடுத்துப் பிரயோசனம் இல்லை, அதைத் தூக்குவதும் அவர்களே.

கோயில், தேவாலயம், பள்ளிவாசல் என்றால் இந்த ஆட்களுக்கு வசதி. ஐயரோ போதகரோ கேட்டால் நாம் மறுகேள்வி கேட்பதில்லை. நம் உபயகாரர் பட்டியலைப் பாருங்கள்: பெயர், போன் நம்பர், எந்த நகரம், எவ்வளவு கொடுத்தார் எல்லாவற்றையும் படம் எடுத்து பேஸ்புக்கில் எல்லாரும் பார்க்கப் போட்டிருக்கிறோம். அதை இன்றே எடுத்துவிடும்படி தாழ்மையாகக் கேட்கிறேன். தேர் அன்று குடும்பமாக நகை போட்டுக்கொண்டு நேரலையில் நிற்கிறோம், வீட்டில் ஆளில்லை என்று ஊருக்கே தெரிகிறது. தங்க நகைக்காகத் தெற்காசியக் குடும்பங்களின் வீடுகள் குறிவைக்கப்படுவதாக இங்கிலாந்துப் பொலிஸ் பல வருடமாகவே எச்சரித்துவருகிறது. அப்புறம், வட்ஸ்அப்பின் ஆறு இலக்கக் குறியீட்டை யார் கேட்டாலும், சொந்தத் தம்பியின் எண்ணிலிருந்தே கேட்டாலும், கொடுக்காதீர்கள். தம்பியின் கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கும்.

இனி வாசல் பற்றி. மட்டக்களப்பு ஆட்களான நமக்கு 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளை யாரும் நினைவுபடுத்தத் தேவையில்லை. அன்று சீயோன் தேவாலயத்துக்குப் பெரிய பையோடு வந்தவனை வெளியிலேயே மறித்துக் கேள்வி கேட்டவர் ரமேஷ் ராஜு. குண்டு முற்றத்தில் வெடித்தது. அவர் போய்விட்டார், எத்தனையோ சின்னப் பிள்ளைகளும் போய்விட்டார்கள். ஆனால் உள்ளே நிறைந்திருந்த சபைக்குள் அது வெடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே முடியவில்லை. அந்த மாதம் ஆரம்பத்திலேயே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது, மேலே இருந்தவர்கள் அசட்டையாக விட்டார்கள், கடைசியில் தடுத்தது வாசலில் நின்ற ஒரு மனிதர். எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இது.

குண்டு வைத்தவர்கள் முஸ்லிம் தீவிரவாதிகள் என்பதால், அதே வருடம் மே மாதம் இலங்கையின் வடமேல் மாகாணத்தில் ஒரு பாவமும் அறியாத முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் அடித்து நொறுக்கினார்கள். ஆகவே வாசலில் ஆள் வைப்பதென்றால் தாடியையும் தொப்பியையும் பார்ப்பது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேரைத் தொழுகை நேரத்தில் கொன்றவன் வெள்ளையன். பார்க்க வேண்டியது நடத்தையைத்தான்: பெரிய பை, பொருந்தாத பதில், கமரா எங்கே இருக்கிறது என்று தேடும் கண்.

வரவேற்பதும் விசாரிப்பதும் ஒன்றாக நடக்கலாம். 2022 ஜனவரியில் டெக்சாஸில் கொலிவில் யூத ஆலயத்துக் கதவைத் தட்டிய அந்நியனுக்கு ரபி (யூத மதகுரு) தேநீர் போட்டுக் கொடுத்தார், பேச்சுக் கொடுத்து ஆளைப் பார்த்தார். பிறகு அவன் துப்பாக்கியைக் காட்டி உள்ளே இருந்தவர்களைப் பல மணிநேரம் பிடித்துவைத்திருந்தான். ஒருவரை இடையிலேயே விட்டுவிட்டான். கடைசியில் ரபி அவன்மேல் நாற்காலியை எறிய மற்றவர்களும் ஓடித் தப்பினார்கள். முன்னே எடுத்த பாதுகாப்புப் பயிற்சிதான் காப்பாற்றியது என்று அவரே சொன்னார். நம் கோயில்களில் எந்தக் கதவால் வெளியே ஓடுவது என்று தொண்டர்களுக்காவது தெரியுமா? பல இடங்களில் பின்கதவுக்கு முன்னால் கதிரைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள், அது நெருப்புக்கும் ஆபத்து.

காசு இல்லை என்று சொல்ல வேண்டாம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் வழிபாட்டிடங்களின் கமரா, வேலி, எச்சரிக்கை மணிக்கு அரசு நிதித் திட்டங்கள் உண்டு. விண்ணப்பம் நிரப்பப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

நம் சங்கத்துக்கு நான் கேட்பது இது. கணக்கு எண் மாற்றம் எதுவும் இந்த மடற்குழுவில் வந்தாலும் செல்லாது, தலைவரும் பொருளாளரும் இருவருமாகக் குரலில் உறுதி செய்த பிறகே செல்லும். ஊர்த் திருவிழாவுக்கு வாசலில் முறை வைத்து நிற்க இளையவர்கள் நான்கு பேர் வேண்டும், பெண்களும் வேண்டும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் கோயில் நிர்வாக சபைகளில் இருப்பவர்கள் இந்த நிதிக்கு விண்ணப்பித்திருக்கிறீர்களா என்று ஞாயிற்றுக்கிழமை சூம் கூட்டத்துக்கு முன் எழுதுங்கள். படிவம் நிரப்ப நான் உதவி செய்கிறேன்.