மறு: மரபணு வெளிப்பாடு (gene expression) – மாற்றுச் சொல் வேண்டுமா?

> 'வெளிப்பாடு' நன்றாகத்தானே புழங்குகிறது? ஊன்றிய செடியை ஏன் பிடுங்க வேண்டும்?

அம்மா, பள்ளிப் பாடத்துக்கு அது போதும். நான் முட்டிக்கொண்டது நுரையீரல் அழற்சி பற்றிய ஒரு கட்டுரையைத் தமிழாக்கும்போது. எழுதி முடித்த வரி இது: "நீண்டகாலப் புகை வெளிப்பாட்டால் நுண்ணறைப் பெருவிழுங்கிகளில் எம்எம்பி12 மரபணு வெளிப்பாடு மிகுகிறது." (நுண்ணறைப் பெருவிழுங்கி என்பது நுரையீரலின் காற்று நுண்ணறைகளில் கிருமியையும் தூசியையும் விழுங்கும் நோயெதிர்ப்பு உயிரணு.)

முதல் வெளிப்பாடு, நுரையீரல் புகையில் அகப்படுவது. இரண்டாவது, உயிரணு ஒரு மரபணுவைப் படியெடுத்துப் புரதமாக்குவது. நுரையீரல் பற்றி எழுதினால் இரண்டும் ஒரே வரியில் வந்தே தீரும். (போகியன்று விடியற்காலை பெரம்பூரில் நின்றவருக்கு முதலாவதை விளக்க வேண்டியதில்லை.)

இன்னொன்று. 'வெளிப்படுகிறது' என்றால் மரபணு தானாக எட்டிப்பார்ப்பதுபோல் இருக்கிறது. தோல் உயிரணுவிலும் பெருவிழுங்கியிலும் இருப்பவை அதே 20,000 சொச்சம் புரத மரபணுக்கள்தாம். எதை, எவ்வளவு பயன்படுத்துவது என்பதில்தான் வேறுபாடு. எம்எம்பி12 தரும் நொதி, காற்று நுண்ணறைச் சுவரின் மீள்நார்களை அறுப்பது. 1997இல் வெளிவந்த ஆய்வில், இந்த மரபணு நீக்கப்பட்ட எலிகளை நெடுநாள் சிகரெட் புகையில் வைத்தும் அவற்றுக்கு எம்ஃபிசீமா, அதாவது காற்று நுண்ணறைச் சுவர்கள் சிதையும் நோய், வரவில்லை. பெருவிழுங்கி அந்த மரபணுவைக் கையில் எடுப்பதுதான் அங்கே கதையே. எழுவாய் உயிரணுவாக இருக்க வேண்டாமா?

அகராதி ஒன்றுதான், ஆளுக்கொரு சொல்லாட்சி. அதையொட்டி முதலில் 'மரபணுவாட்சி' என்று வைத்துப் பார்த்தேன். வீட்டில் படித்துக் காட்டியதும், "எந்தக் கட்சி?" என்றாள் மகள். விட்டுவிட்டேன். இந்த இழையில் ஐயா ஒருவர் சொன்ன 'துலங்கல்' அழகுதான், ஆனால் தூண்டல்–துலங்கல் என்று அது ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டது. நோயெதிர்ப்புத் துலங்கல் பற்றிய கட்டுரையிலேயே மறுபடி இடிக்கும். 'விழிப்பு' என்றால் விழிப்பு, உறக்கம் என்று இரண்டே நிலை. இங்கே கூடுதல் குறைச்சல் உண்டே.

என் முன்மொழிவு: எடுத்தாளல். பாட்டிலிருந்து ஒரு வரியை எடுத்தாள்வதுபோல, மரபணுத் தொகுதியிலிருந்து உயிரணு எடுத்தாள்கிறது. வினையாக வளைகிறது, மிகையெடுத்தாளல், எடுத்தாளல் அளவு என்றும் நீள்கிறது. ஸ்டீராய்டு இன்ஹேலர் என்ன செய்கிறது என்று கேட்பவரிடம், "அழற்சி மரபணுக்களை உயிரணுக்கள் எடுத்தாள்வதைக் குறைக்கிறது" என்று வாய்விட்டுச் சொல்லலாம். புகைக்கு 'ஆட்படல்' என்று வைத்துவிட்டால் வரி இப்படி ஆகிறது:

"நீண்டகாலம் புகைக்கு ஆட்பட்டால் நுண்ணறைப் பெருவிழுங்கிகள் எம்எம்பி12 மரபணுவை மிகுதியாக எடுத்தாள்கின்றன."

ஒன்று மட்டும் உறுத்துகிறது. 'எடுத்தாளல்' என்றதும் மேற்கோள்தான் பலருக்கு நினைவுக்கு வரும். முன்னால் 'மரபணு' இருந்தால் அது தீருமா? மருத்துவம் படித்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
பெரம்பூரிலிருந்து