கலைச்சொல்: இடைமுக உறுப்பைத் திட்டத்துக்குள் கொண்டுவரும் கட்டளைக்கு ‘நிறுவு’ பொருந்துமா?

வணக்கம்.

பொத்தான், நாள்காட்டி போன்ற ஆயத்த இடைமுக உறுப்புகளைத் தரும் ஷாட்சிஎன்னின் கட்டளைவரிக் கருவிக்கான தமிழ்ச் சொற்பட்டியலில் ‘ஆட்’ (சேர்) என்பதற்கு நேரே ‘நிறுவு’ என்று இருக்கிறது. அதை மாற்ற வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகளை, நிறுவும் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ கொடுத்தால் பொதி நோட்_மாட்யூல்ஸ் கோப்புறைக்குள் போய் உட்காரும், பதிப்பு எண் பேக்கேஜ்.ஜேசனில் ஏறும். அந்தக் கோப்புகளை யாரும் திறந்து திருத்துவதில்லை. ‘என்பிஎக்ஸ் ஷாட்சிஎன்@லேட்டஸ்ட் ஆட் பட்டன்’ கொடுத்தால் நடப்பது வேறு. பட்டன்.டிஎஸ்எக்ஸ் என்ற மூலக்கோப்பே படியெடுக்கப்பட்டு காம்போனென்ட்ஸ்/யுஐ கோப்புறையில் வந்து விழும். அந்த நொடியிலிருந்து அது நம் நிரல். பதிவகத்தில் (உறுப்புகளின் மூலம் இருக்கும் களஞ்சியத்தில்) வழு திருத்தப்பட்டாலும் நம் படிக்குத் தானாக எதுவும் வராது. ‘நிறுவு’ என்று படித்தவர் புதுப்பிப்பு வரும் என்று காத்திருப்பார்.

என் பரிந்துரை ‘நடு’. நாற்றைக் கொண்டுவந்து நம் வயலில் நட்டபின் தண்ணீர் பாய்ச்சுவது நம் பாடு. பெயர்ச்சொல் ‘நடவு’, பதிவகத்துக்கு ‘நாற்றங்கால்’.

———

> என் பரிந்துரை ‘நடு’.

உவமை அழகுதான், இடைமுகத்தில் எடுபடாது. ‘பொத்தானை நடு’ என்று எழுதிப் பாருங்கள். இடம், வலம், நடு என்று சீரமைப்பைப் பார்த்துப் பழகிய முன்முனை நிரலர், பொத்தானைத் திரைக்கு நடுவே வைக்கச் சொல்வதாகத்தான் எடுத்துக்கொள்வார். ‘நாற்றங்கால்’ முகவரியைக் கட்டமைப்புக் கோப்பில் எழுதச் சொன்னால் முதல் மூன்றெழுத்திலேயே மூக்கைப் பிடிப்பவர்களும் உண்டு. பதிவகம் பதிவகமாகவே இருக்கட்டும். உள்ளே இருப்பதும் அதுதான்: ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு ஜேசன் பதிவு, அதில் கோப்புகள், வெளிப்பொதிச் சார்புகள், பதிவகச் சார்புகள்.

இந்த இருவகைச் சார்புகளை வைத்தே சொல்லைச் சோதிக்கலாம். ‘ஆட் காலண்டர்’ என்றால் காலண்டர்.டிஎஸ்எக்ஸ் படியாக வரும். அதற்குப் பட்டன் தேவை என்பதால் பட்டன்.டிஎஸ்எக்ஸும் கூடவே வரும். ஆனால் ரியாக்ட்-டே-பிக்கர் பொதி நோட்_மாட்யூல்ஸுக்குத்தான் போகும். அது உண்மையான நிறுவல். ஒரே கட்டளை இரண்டு வேலையும் செய்வதால் இரண்டு வினைச்சொல் இல்லாமல் தீராது. ‘படிசேர்’ என்று வைக்கலாம். ‘காலண்டர் படிசேர்க்கப்பட்டது, ரியாக்ட்-டே-பிக்கர் நிறுவப்பட்டது.’ எது எங்கே போனது என்பது தெரிந்துவிடுகிறது அல்லவா?

இன்னொன்று. பட்டியலில் சில இடங்களில் ‘கூறு’, சில இடங்களில் ‘உறுப்பு’. கூறு வேண்டாம். ஒற்று இரட்டிக்காமல் ஐ உருபு ஏற்றினால் ‘கூறை’ ஆகிவிடும், ‘கூறைச் சேர்’ என்றால் கல்யாணப் புடவை. இரட்டித்து ‘கூற்றை’, ‘கூற்றில்’ என்று எழுதினாலோ நிரல் கூற்றோடு குழம்பும். உறுப்பை, உறுப்பில், உறுப்புகள் எல்லாம் சிக்கலின்றி வருகின்றன.

———

படிசேர், உறுப்பு இரண்டுக்கும் உடன்படுகிறேன். ‘படிச்சேர்’ என்று ஒற்று மிகுத்து எழுத வேண்டாம். இது இரண்டாம் வேற்றுமைத் தொகை, வலி மிகாது. மிகுத்தால் ‘படிச்சு’ என்று தொடங்குவதுபோல் கண்ணை வேறு இழுக்கும்.

ஆனால் பிழைச்செய்திகள்தாம் முக்கியம், அவற்றை யாரும் எடுக்கவில்லை. கோப்பு ஏற்கனவே இருந்து, உள்ளடக்கமும் வேறுபட்டிருந்தால் கருவி நின்று கேட்கும். அந்தக் கேள்வியை வரைவில் ‘மாற்றவா?’ என்று போட்டிருக்கிறார்கள். நம் திருத்தத்தையும் புதியதையும் அது ஒன்றிணைத்துவிடும் என்று நினைத்து ‘ஆம்’ கொடுத்தால், கையால் சேர்த்த வண்ணவகைகள் அனைத்தும் போய்விடும். கிட்டில் கமிட் செய்து (பதிந்து) வைக்காமலிருந்தால் மீட்க வழியில்லை. ‘பட்டன்.டிஎஸ்எக்ஸ் ஏற்கனவே உள்ளது. மேலெழுதவா? உங்கள் திருத்தங்கள் அழியும்’ என்றே இருக்க வேண்டும். காலண்டர் கேட்கப்போய்ப் பட்டனை இழப்பது இப்படித்தான். கேட்காமலே மேலெழுதச் சொல்லும் ஓவர்ரைட் கொடியின் விளக்கத்திலும் ‘மேலெழுது’ தவிர வேறு சொல் கூடாது.

‘அலியாஸ்’ என்பதற்கு வரைவில் உள்ள ‘புனைபெயர்’ எழுத்தாளர்களுக்கு இருக்கட்டும். இங்கே அது ‘@’ குறியால் தொடங்கும் பாதைச் சுருக்கம், ஆகவே ‘பாதைச் சுருக்கம்’ என்றே வைப்போம். வீட் என்ற கட்டுமானக் கருவியைப் பயன்படுத்தும் திட்டங்களில் அதை டைப்ஸ்கிரிப்ட் கட்டமைப்புக் கோப்புகளான டிஎஸ்கான்ஃபிக்.ஜேசன், டிஎஸ்கான்ஃபிக்.ஆப்.ஜேசன் இரண்டிலும் எழுத வேண்டும், வீட் கட்டமைப்புக் கோப்பிலும் சொல்ல வேண்டும். முதல் கோப்பில் விட்டுப்போனால் கருவிக்குச் சுருக்கம் விரியாது. ‘@’ என்ற பெயரிலேயே ஒரு கோப்புறையைத் திட்டத்தின் வேரில் உருவாக்கி, உறுப்பை அதற்குள் போட்டுவிடுவதும் உண்டு. படிசேர்ந்ததாகச் செய்தி வரும், கோப்பு மட்டும் தேடிய இடத்தில் இருக்காது. ‘பாதைச் சுருக்கம் காணப்படவில்லை’ என்ற செய்திக்கு அடியில் டிஎஸ்கான்ஃபிக்கின் பெயரையும் மொழிபெயர்ப்பில் அப்படியே விட்டுவைக்க வேண்டும்.

திட்டத்தை முதலில் ஆயத்தமாக்கும் ‘இனிட்’ கட்டளைக்கு ‘தொடக்கு’ போதும். அது எழுதிவைக்கும் காம்போனென்ட்ஸ்.ஜேசனில் அடிப்படை நிறம் பிறகு மாற்ற முடியாதது என்பதால், அந்தக் கேள்வியில் மட்டும் ‘பின்னர் மாற்ற இயலாது’ என்று ஒரு தொடர் சேர்த்துக்கொள்ளுங்கள்.