புதுப்பிப்பு: தாத்தாவும் பேரனும் சேர்ந்து சிரிச்ச புக்
போன மாசம் கேட்டிருந்தேன்ல, எட்டு வயசு பையனுக்கும் முட்டி ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருக்கிற அப்பாவுக்கும் சேர்த்து சிரிக்க என்ன புக் வாங்கலாம்னு, அதோட அப்டேட் இது.

நீங்க சொன்ன வீரமாமுனிவரோட பரமார்த்த குரு கதைதான் சூப்பரா செட் ஆச்சு. 18-ம் நூற்றாண்டுல எழுதினது, ஆனா ஆறு தூங்குதா முழிச்சிருக்கான்னு பாக்க சீடன் கொள்ளிக்கட்டையை தண்ணியில வைக்க அது சுர்ருனு சீறுமே, அந்த இடத்துல பையன் கட்டில்ல உருண்டு சிரிச்சான், அவனைப் பாத்து அப்பாவும் சிரிச்சு எவ்ளோ நாளாச்சு! மறுநாள் குளிக்கப் போனவன் பக்கெட்டை தட்டிட்டு “தாத்தா, தண்ணி முழிச்சிருக்கு”ங்கிறான்.

தேவனோட துப்பறியும் சாம்பு அப்பாவுக்கு ரொம்ப பிடிச்சிது, பையனுக்கு அந்த காலத்து பேச்சு பிடிபடல, ரெண்டு வருஷம் போகட்டும். அம்மா, அப்புசாமி-சீதாப்பாட்டி நகைச்சுவைக் கதைகளோட உக்காந்துட்டாங்க.

வாங்கறதுக்கு முன்னாடி ஒரு பக்கம் சத்தமா வாசிச்சுப் பாருங்க, நமக்கே சிரிப்பு வரணும். குண்டு, கறுப்புன்னு ஆளை கேலி பண்ற ஜோக் தொகுப்பை மட்டும் குழந்தைக்கு குடுக்காதீங்க ப்ளீஸ்.

அடுத்து தெனாலிராமன், படம் பெருசா இருக்கிற பதிப்பா தேடிட்டு இருக்கேன்.