கலைச்சொல் உதவி: ‘இன்குவிசிஷன் போஸ்ட் மார்ட்டம்’ (வெள்ளிக்கிழமைக்குள்)

செ. எழுதியது:
அனைவருக்கும் வணக்கம். இடைக்கால இங்கிலாந்தில் ஒருவரின் தாய் தந்தையர் யார் என்று ஆவணங்களிலிருந்து கண்டறியும் முறை பற்றிய பாடம் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. உயில், வழக்குப் பதிவேடு எல்லாம் சரியாக வந்துவிட்டன. சொத்தில் தனக்குள்ள உரிமையை விட்டுக்கொடுத்து எழுதும் ‘குயிட்கிளெய்ம்’ என்பதற்கு நம் பதிவு அலுவலகத்து ‘விடுதலைப் பத்திரம்’ அப்படியே பொருந்திவிட்டது. முட்டி நிற்பது தலைப்பில் உள்ள சொல்தான்.

அரசரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றிருந்தவர் இறந்ததும், எஸ்சீட்டர் என்ற அரச அலுவலர் அவ்வட்டாரத்து ஆட்களைக் கூட்டி, சத்தியம் வாங்கிக்கொண்டு விசாரிப்பார். என்ன நிலம், யாரிடமிருந்து, எந்தக் கடமைக்குப் பெற்றது, இறந்த நாள் எது, அடுத்த வாரிசு யார், அவருக்கு என்ன வயது என்று கேட்பார். 13ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தொடங்கிய வழக்கம், 17ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது. வரைவில் ‘இறப்புக்குப் பின் விசாரணை’ என்று போட்டிருக்கிறேன். படிப்பவர்கள் பிரேதப் பரிசோதனை என்றே எடுத்துக்கொள்கிறார்கள்.

இ. எழுதியது:
இலங்கையில் இது இன்னும் மோசமாகப் போகும். ‘மரண விசாரணை’ என்றால் இங்கே திடீர் மரண விசாரணை அதிகாரி நடத்துவது. உங்கள் உயிலே எங்களுக்கு மரண சாசனம்தான். ஆகவே இறப்பு, மரணம் இரண்டையுமே பெயரிலிருந்து எடுத்துவிடுங்கள். விசாரணை நடந்தது காணியைப் பற்றி. செத்த விதத்தைப் பற்றியல்ல.

மு. எழுதியது:
காணி என்று இ. சொன்னதும் மனம் நிறைந்தது. சோழர் கல்வெட்டுகளில் காணி என்பது வழிவழியாக வரும் நில உரிமை. ‘விசாரணை’ நமக்கு எதற்கு? உசாவுதல் இருக்கிறது, உசாத்துணை இருக்கிறது. ‘காணியுசாவல்’ என்க. உயிலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அது உய் + இல்: தான் போனபின் தன் இல்லம் உய்யச் செய்யும் ஏடு. உய்தி, உய்வு, உயிர் எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை.

வே. எழுதியது:
ஐயா, உயில் ஆங்கில ‘வில்’ என்பதன் ஒலித்திரிபு. தமிழ்ப் பேரகராதியும் அப்படித்தான் சொல்கிறது. காணி தமிழ்நாட்டு மாணவருக்கு நில அளவு, அல்லது எண்பதில் ஒரு பங்கு. ‘காணியுசாவல்’ என்றால் சர்வே என்று நினைப்பார்கள்.

பெயரில் வர வேண்டியது வேறொன்று என்பது என் கருத்து. பெரியபுராணத்தில் சுந்தரர் வழக்கில் திருவெண்ணெய்நல்லூர் அவையோர் கேட்பது மூன்று சான்று: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. செ.யின் பாடத்தில் உயிலும் பத்திரமும் ஆவணம். இந்த விசாரணை அயலார் காட்சி. ஊரார் தமக்குத் தெரிந்ததைச் சத்தியத்தின் பேரில் சொன்னது. அதனால்தான் வாரிசின் வயதை ‘21 வயதும் அதற்கு மேலும்’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். நிலத்தைக் கையில் எடுக்க ஆணுக்கு 21 போதும், மேற்கொண்டு யாரும் கேட்பதில்லை. அதைப் பிறந்த ஆண்டாகத் திருப்பிக் கணக்குப் போட்டால் 20 ஆண்டுகூடப் பிசகலாம். ‘அயலார் காட்சி விசாரணை’ என்று போட்டால் இந்த எச்சரிக்கை பெயரிலேயே இருக்கும்.

செ. எழுதியது:
அருமையான பொருத்தம். ஆனால் நீதிமன்றச் சாட்சியம் எல்லாமே அயலார் காட்சிதானே? பாடத்தின் மைய எடுத்துக்காட்டு கவிஞர் ஜெஃப்ரி சாசர். அதிலேயே இது குழம்பும்.

ரிச்சர்டு சாசர் என்ற லண்டன் வைன் வணிகரின் உயில் 1349இல் எழுதியது. பெயரைப் பார்த்து அவரையே கவிஞரின் தந்தை எனக் கருதியவர்கள் உண்டு. அதே ஆண்டில் தாமஸ் ஹெய்ரன் என்பவர் எழுதிய உயில், கவிஞரின் உண்மையான தந்தை ஜான் சாசரைச் சகோதரர் என்று குறிப்பிட்டு நிறைவேற்றுநர் ஆக்குகிறது. குடும்பப் பெயர் வேறு, ஆனால் சகோதரர். ஆகவே தாய் ஒருத்தி: மேரி. அவள் தாமஸின் தந்தை ஹெய்ரன், ராபர்ட் சாசர், ரிச்சர்டு சாசர் என்று அடுத்தடுத்து மணந்தவள். ஜானின் தந்தை ராபர்ட் என்பது வழக்குப் பதிவேட்டில்தான் தெளிவாகிறது. 1324 டிசம்பரில், 14 வயதுகூட ஆகாத ஜானை அவன் அத்தை தன் மகளுக்குக் கட்டிவைக்கத் தூக்கிச் சென்ற வழக்கு அது. 250 பவுண்டு இழப்பீடு விதித்தார்கள். கடைசிக் கண்ணி 1381 ஜூன் 19ஆம் தேதியிட்ட விடுதலைப் பத்திரம். தந்தையின் வீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும்போது கவிஞர் தம்மை ‘லண்டன் வைன் வணிகர் ஜான் சாசரின் மகன் ஜெஃப்ரி’ என்கிறார். ரிச்சர்டு பாட்டியின் பிந்திய கணவர், அவ்வளவுதான்.

இ. எழுதியது:
அந்த எடுத்துக்காட்டுக்குப் பக்கத்தில் ஒன்றைச் சேருங்கள். லண்டன் நகர வழக்கப்படி அங்கே வீட்டையும் உயிலில் எழுதலாம். மற்ற இடங்களில் 1540 வரை பொதுவாக நிலத்தை எழுத முடியாது. மூத்த மகன் பெயர் உயிலில் இல்லையென்றால் அவன் செத்துவிட்டான் என்று அர்த்தமில்லை. நிலம் தானாகவே அவனுக்குப் போய்விடும்.

தாயைக் கண்டுபிடிக்கிற இடத்தில் இன்னும் கவனம் வேண்டும். விதவை இறந்தபின் நடக்கும் விசாரணையில் இரண்டு வகை நிலம் வரும். கணவன் நிலத்தில் ஆயுட்காலத்துக்குக் கிடைத்த மூன்றிலொரு பங்கு ஒன்று. அதன் வாரிசு கணவனின் வாரிசு. மூத்தாள் மகனாகவும் இருக்கலாம். மற்றது அவள் பிறந்த வழியில் வந்தது. அதற்கு வாரிசாகச் சொல்லப்படும் மகன்தான் அவள் பெற்ற மகன். யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமையில் முதுசம் என்போமே, அது. ‘முதுசக் கேள்வி’ என்று ஏன் வைக்கக் கூடாது?

மு. எழுதியது:
முது + சொம்! ‘காணியுசாவ’லை விட்டுக்கொடுத்து இதை ஏற்கிறேன்.

வே. எழுதியது:
சொம் வடமொழி ‘ஸ்வம்’ ஐயா. தூய்மை அங்கேயும் நிற்கவில்லை. முதுசம் என்ற சொல்லைக் கேட்டால் மதுரைப் பக்கம் யாருக்கும் புரியாது. வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர் அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறார். அது எல்லோருக்கும் தெரியும். அதையொட்டி ‘நிலவாரிசு விசாரணை’ என்று போட்டால் ஒரு விளக்கமும் தேவையில்லை.

செ. எழுதியது:
நாளை காலை கோப்பை அனுப்ப வேண்டும். எனக்குத் தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் ‘நிலவாரிசு விசாரணை’க்கே ஆதரவு மிகுதி. அதையே போடுகிறேன். முதல் முறை வரும் இடத்தில் லத்தீன் பெயரும் தமிழ் எழுத்தில் இருக்கும். இ. சொன்ன விதவைப் பங்கு தனிப் பத்தியாகிறது.

மு. எழுதியது:
பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், உடன்படவில்லை. இம்முறை தூய்மைக்காகச் சொல்லவில்லை. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழில் மனைவி, மக்கள் எல்லோர் பெயரும் வரும். இந்த ஆங்கில ஆவணத்தில் பொதுவாக மூத்த மகன் ஒருவன்தான். மகன் இல்லாதபோதுதான் மகள்கள் எல்லோரும் சமபங்கினராக வருவார்கள். ‘வாரிசு’ என்று படித்துப் பழகிய மாணவன், பட்டியலில் இல்லாத இளைய மகன் பிறக்கவே இல்லை என்று முடிவுகட்டுவான். ‘தலைவழியுரிமை உசாவல்’ என்பதைச் சொல்லடைவிலாவது ஒரு வரியாகச் சேருங்கள்.