ரப்பர் ஷீட் அடிச்ச தண்ணிய கோபர் கேஸ்ல ஊத்தலாமா?

திருவட்டார்விளை:
ஒன்றரை ஏக்கர் ரப்பரும் ரெண்டு மாடும் உண்டு. டிஷ்ல ரப்பர் பால் உறைஞ்சு ஷீட் அடிச்ச பெறவு வர்ற மஞ்சத்தண்ணி வருசக்கணக்கா வீட்டுப் பின்னால குழியிலதான் போகுது, மழை வந்தா நெறஞ்சு பக்கத்து வீட்டு கெணத்தோரம் வரைக்கும் ஓடுது, நாத்தம் சொல்ல முடியாது, அவங்க பேச்சையே நிறுத்திட்டாவ. அத கோபர் கேஸ் (சாணி கேஸ்) கலத்துல ஊத்துனா கேஸ் கெடைக்கும்னு ஒருத்தர் சொல்லுகாரு. உண்மையா, சும்மா அளக்காரா?

அருமனைக்காரன்:
உண்மைதான் அண்ணே. பால்ல ரப்பர் போக மிச்ச புரதமும் சர்க்கரையும் அந்த தண்ணியிலதான் கெடக்கு, அது அழுகுறதுதான் நாத்தம். காத்து படாம மூடி வச்சு அழுக விட்டா மீத்தேன். 1 கன மீட்டர் கேஸுக்கு தெனமும் 25 கிலோ சாணி, அதே அளவு தண்ணி, அந்த தண்ணிக்கு பதிலாத்தான் இது. ஆனா பால் உறைய ஊத்துற ஆசிட்டோட புளிப்பு இருக்கும், மொத நாளே டிரம்மோட கவுத்துனா உள்ள உள்ள நுண்ணுயிர் செத்து கேஸ் நின்னுரும். ஒரு மாசம் வெறும் சாணி, பெறவு ரெண்டு லிட்டர், அஞ்சு லிட்டர்னு ஏத்துங்க.

பேச்சிப்பாறை:
என்ன ஆசிட் ஊத்துறிய? நான் வெல கம்மின்னு கந்தக ஆசிட் ஊத்திட்டிருந்தேன். அதுல உள்ள சல்பேட்டு மீத்தேனக் கொறைச்சு அழுகுன முட்ட நாத்தத்தக் கூட்டும். அம்மா மூக்கப் பொத்திக்கிட்டு தோச சுட்டாவ, பர்னரும் துருப்புடிச்சுப் போச்சு. பார்மிக் ஆசிட்டுக்கு மாறுன பெறவுதான் சரியாச்சு.

திருவட்டார்விளை:
அடக்கடவுளே, எங்களுக்கும் கந்தகம்தான்.

வாழைப்பிரியன்:
மாத்திருங்க, ஷீட்டுக்கும் அதான் நல்லது. ரப்பர் எல உதுந்து பால் வெட்டு நிக்குற சமயம் சாணிய மட்டும் நிறுத்திராதிய. வெளிய வர்ற சாணிக்கரைசல மட்டி வாழைக்கு விட்டுப்பாருங்க. கலம் வாங்குறதுக்கு முன்னால கன்னியாகுமரி விவேகானந்த கேந்திரத்துல ஒருநாள் போய் பாருங்க, அடுக்களைக் கழிவுல ஓடுற சக்தி சுரபிங்குற கேஸ் கலம் அவங்களோடதுதான், 2006ல சுத்தமான எரிசக்திக்குக் குடுக்குற ஆஷ்டன் விருது வாங்குனவங்க.

திருவட்டார்விளை:
ரெண்டு மாட்டுல 25 கிலோ தேறுமா?

அருமனைக்காரன்:
தொழுவத்துலயே கட்டிப்போட்டா கிட்டத்தட்ட தேறும். மேய விட்டா பாதி சாணி விளையிலதான் விழும்.